இடிந்தகரையில் ஒரு பகல்

வள்ளியூரில் பேருந்து ஏறி, இராதாபுரம் வழியாகத் தென்கிழக்கே செல்லும் பயணி முதலில் காண்பது காற்றைத்தான். காற்றைக் காண முடியுமோ என்று வாசகர்கள் கேட்கலாம். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் சென்றவர்கள் கேட்கமாட்டார்கள். கச்சான் காற்று பனைகளின் ஓலைகளையெல்லாம் ஒரே திசையில் வாரிவிட்டிருக்கும். அவற்றுக்கு மேலே, கண்ணெட்டும் தூரம்வரை வெள்ளைக் காற்றாலைகள் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். முள்ளும் செம்மண்ணும் நிறைந்த அந்த வறண்ட நிலத்தில் விளைவது மின்சாரம் ஒன்றே என்று எண்ணத் தோன்றும். கூடங்குளத்தைக் கடந்து கடலை நோக்கித் திரும்பியதும் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது.

என் பங்கிலிருந்து இடிந்தகரைக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்ற பெண்ணொருத்தியின் தலைக்குழந்தைக்குத் திருமுழுக்கு. "சாமி, நீங்கதான் வந்து தண்ணி ஊத்தணும்" என்று அவள் தொலைபேசியில் பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு முதல் நன்மை கொடுத்தவன் நான். அவ்வூர்ப் பங்குத்தந்தையின் இசைவைப் பெற்றுக்கொண்டு, காலையிலேயே புறப்பட்டுவிட்டேன்.

தூய லூர்து மாதா கோவிலை அறியாத தமிழர் இன்று குறைவு. 2011 ஆகஸ்டு முதல் பல நூறு நாள்கள் நாட்டின் நாளேடுகளில் இடம்பெற்ற முன்றில் அது. அங்கே பந்தலிட்டு மக்கள் உண்ணா நோன்பிருந்தார்கள். பெண்கள் பீடி சுற்றிக்கொண்டும் செபமாலை உருட்டிக்கொண்டும் அமர்ந்திருந்தார்கள். 2012 செப்டம்பர் 10ஆம் நாள் கடற்கரையில் கூடியிருந்தவர்களைக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. அதே நாளில் மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. இன்று அம்முன்றிலில் பந்தல் இல்லை. சிறுவர்கள் பந்தாடுகிறார்கள், மணலில் நெத்திலி காய்கிறது. ஓர் ஊரின் மௌனத்தை மறதி என்று எடுத்துக்கொள்ளலாகாது என்பதை மட்டும் அங்கே சற்று நேரம் நின்றபோது உணர்ந்தேன்.

திருமுழுக்கு முடிந்து விருந்தும் உண்டபின், குழந்தையின் தாத்தா என்னைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். எழுபது வயதைத் தாண்டியவர். பதினான்கு வயதில் கட்டுமரம் ஏறியவர். வள்ளங்களுக்கு நடுவே நின்று மேற்கே கையை நீட்டினார். மணல்மேட்டுக்கு அப்பால், கடலோரத்தில், குவிமாடங்கள் எழுந்து நின்றன. சுண்ணாம்பு பூசிய பெருங்கோவில்களோ என்று மயங்கும்படி அமைதியாக நின்றன அவை.

அக்குவிமாடங்களின் வரலாறு நீண்டது. 1988 நவம்பரில் இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அது தொடங்குகிறது. சோவியத் நாடே சிதறிப்போய், கட்டட வேலை 2002இல்தான் ஆரம்பித்தது. முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாம் உலை 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் ஆற்றல் உடையது. மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் 2017இலும் 2021இலும் தொடங்கப்பெற்றது.

உள்ளே நடப்பது என்ன என்று பெரியவர் கேட்டார். குருமடத்தில் கற்ற சிறிதளவு இயற்பியலைக் கொண்டு விளக்கினேன். யுரேனிய அணு பிளக்கும்போது வெப்பம் பிறக்கிறது. வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த ஆவியைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். விறகடுப்பில் தண்ணீர் தெளித்தால் நெருப்பு அவிந்துவிடும். இந்த அடுப்போ அணைத்த மறுகணமும் தன் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கை விடாமல் வெளியிடும். அது தணியத் தணிய, நாள்கணக்கில் நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். 2011 மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானின் புகுசிமாவில் ஆழிப்பேரலை வந்து மின்னாக்கிகளை மூழ்கடித்தது. உலைகள் முறைப்படி அணைந்துதான் இருந்தன. குளிர்விக்கும் நீர்தான் நின்றுபோயிற்று. 2004இன் பேரலையைக் கண்ணால் கண்ட ஊருக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

பெரியவர் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சாமி, நம்ம கோயில் கணக்க வருசத்துக்கு ஒருக்க பூசை முடிஞ்சதும் வாசிக்காக. எவ்வளவு வரவு, எவ்வளவு செலவுன்னு எல்லாருக்கும் தெரியும். சந்தேகம்னா எந்திரிச்சுக் கேக்கலாம். அந்தா அந்தக் கட்டடத்துக் கணக்க யாரு பாக்கா? எங்க வச்சு வாசிக்காக?"

அன்பு வாசகர்களே, என்னால் உடனே விடை கூற இயலவில்லை. போராட்டம் கனன்ற நாள்களில் என் பங்கு மக்களுள் ஒருவர் ஏறத்தாழ இதையே கேட்டார். "அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் செபியுங்கள்" என்று நான் கூறி அனுப்பிவிட்டேன். அந்த விடை எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பது, அன்று அக்கடற்கரையில் நின்றபோது என்னைச் சுட்டது. வீடு திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன்.

அணு உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்க நம் நாட்டில் 1983 நவம்பரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. உலை கட்ட, எரிபொருள் ஏற்ற, இயக்க, ஒவ்வொரு படியிலும் அதன் அனுமதி வேண்டும். அதில் திறமைமிக்க பொறியாளர்கள் பணிபுரிகிறார்கள். புகுசிமாவுக்குப் பிறகு கூடங்குளத்துக்கென 17 பரிந்துரைகள் வகுக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அவ்வாரியம் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்ததன்று; அரசாணையால் பிறந்தது. அது பொறுப்புரைத்தது அணுசக்தி ஆணையத்திடம். அவ்வாணையத்தின் தலைவரே அணு உலைகளைப் பெருக்கும் துறையின் செயலராகவும் இருப்பவர். வள்ளத்தின் உடைமையாளரே வள்ளம் கடலுக்குப் போகத் தகுதியானதா என்று சான்று வழங்குபவருக்கு மேலதிகாரி என்றால், கரையில் இருப்பவர்கள் நிம்மதியாக உறங்க முடியுமா?

இதை நான் சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது. வாரியத்துக்குத் தற்சார்பான சட்டநிலை இல்லை என்றது அது. விதியை மீறுவோருக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்ச வரம்பு 500 ரூபாய் என்றது. இன்னொன்றும் கூறிற்று: நாட்டிலுள்ள மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களுள் நூற்றுக்கு 91 வாரியத்தில் பதிவு பெறாமலேயே இயங்கின. அணுவின் கதிர் கூடங்குளத்துக்கு மட்டும் உரியதன்று. கால் முறிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாம் ஓடும் மருத்துவமனையின் இருட்டறையிலும் அது உண்டு.

வாரியத்துக்குப் பதிலாகத் தற்சார்புடைய ஆணையம் அமைக்கும் மசோதா 2011 செப்டம்பரில் மக்களவைக்கு வந்தது. 2014இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2015இல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் வல்லுநர் குழு இந்தியா வந்து, வாரியத்தின் தற்சார்பைச் சட்டத்தில் பதிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டத்தில்தான் வாரியத்துக்குச் சட்டநிலை வழங்கப்பெற்றது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையின் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. கதவு அகலும்போது காவலும் கூடவேண்டும் அல்லவா?

கண்காணிக்கும் உரிமை மக்களுக்கும் உண்டா? முதல் இரு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 1989இல். மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்னும் விதி அதற்குப் பின்னரே வந்தது. ஆகவே அவ்விரண்டுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறவில்லை. அடுத்த நான்கு உலைகளுக்கு 2007 ஜூனில் திருநெல்வேலியில் நடைபெற்றது. உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் கட்டளையிட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது.

2013 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் உலையை இயக்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் வெறுங்கையோடு அன்று, 15 கட்டளைகளோடு. வாரியம் ஒவ்வொரு கருவியின் தரத்தையும் உறுதி செய்யவேண்டும். பேரிடர் ஒத்திகைகள் முறையாக நடைபெறவேண்டும். போராடியவர்கள் மீதான குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்பன அவற்றுள் சில. நீதிபதிகளே கேட்டுப் பெறவேண்டியிருந்த உறுதிமொழிகளை அங்கே குடியிருக்கும் மக்கள் கேட்டது குற்றமாகுமா?

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1979 மார்ச்சில் மூன்று மைல் தீவு உலை விபத்துக்குள்ளாயிற்று. அடுத்த ஆண்டு, அக்கம்பக்கத்து ஊர்களின் சாதாரணக் குடிமக்களைத் தெரிந்தெடுத்து, கதிர்வீச்சு அளக்கும் கருவிகளைக் கொடுத்துப் பயிற்றுவித்தார்கள். அரசின் அளவையும் கம்பெனியின் அளவையும் நம்ப மறுத்தவர்கள், தங்கள் அயலார் அளந்து சொன்னதை ஏற்றார்கள். பிரான்சில் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒவ்வோர் அணு உலைப் பகுதியிலும் உள்ளூர்த் தகவல் குழு இருந்தாக வேண்டும். உள்ளூராட்சி உறுப்பினர்கள், தொழிற்சங்கத்தார், சுற்றுச்சூழல் அமைப்பினர் எனப் பலரும் அதில் அமர்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஜப்பானோ விலை கொடுத்துக் கற்றது. புகுசிமா மனிதரால் விளைந்த பேரிடர் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் அறிவித்தது. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்களோடு இணங்கிப் போனதே வேர் என்றும் சுட்டிக் காட்டியது.

கூடங்குளத்திலும் அளக்கிறார்கள். காற்று, நீர், பால், மீன் ஆகியவற்றின் மாதிரிகளைச் சோதிக்க அங்கே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதுவும் அணுசக்தித் துறையைச் சேர்ந்ததே. அதன் நேர்மையை ஐயுற எனக்குக் காரணமில்லை. எங்கள் பங்கின் பொருளாளர் நேர்மையானவர். ஆயினும் கணக்கை வேறிருவர் சரிபார்க்கிறார்கள். அதை அவர் அவமதிப்பாகக் கருதுவதில்லை. தம் நல்ல பெயருக்கு அதுவே அரண் என்கிறார்.

மின்சாரம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. திருமுழுக்கு வீட்டில் மின்விசிறி நின்றபோது குழந்தை வீரிட்டு அழுததையும் கண்டேன். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நல்லவர்களும் அறிஞர்களும் இரு பக்கத்திலும் நிற்கிறார்கள். ஆனால் இருக்கின்ற உலையைப் பற்றி, அதன் நிழலில் வாழ்பவர்களுக்கு அவர்கள் மொழியில், ஆண்டுதோறும், கேள்வி கேட்க இடம் வைத்துக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதில் இரு பக்கம் இருக்க முடியாது. கிராமசபை இருக்கிறது, தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் செலுத்தி எழுத்தறிந்த எவரும் கேட்கலாம். பங்குப் பேரவைகளும் இளையோர் இயக்கங்களும் இதைக் கற்றுக்கொடுப்பது அரசியல் ஆகாது. அயலானை நேசிப்பதன் ஒரு பகுதியே ஆகும்.

மாலையில் விடைபெற்றபோது, அந்த இளந்தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். ஒத்திகை என்றால் என்ன, மணி ஒலித்தால் குழந்தையோடு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டாள். அவள் மாமனார் குறுக்கிட்டு, "சாமி படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுவாக" என்றார். பிறகு என்னிடம், "தெரிஞ்சத தமிழ்ல எழுதி அனுப்புங்க சாமி. கோயில் வாசல்ல ஒட்டிக்கிடுதோம்" என்றார்.

நான் தேடித் தெரிந்துகொண்ட அளவை மேலே எழுதியிருக்கிறேன். இதழ் வெளிவந்ததும் ஒரு பிரதி இடிந்தகரைக்குப் போகும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை இதில் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள் குவிமாடத்துக்கு உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் அதுவும் அதே கோவில் வாசலில் ஒட்டப்படும்.