பென்டிரைவில் கிடந்த பூட்டு



போன வாரம் அலமாரியை ஒதுக்கும்போது ஒரு பென்டிரைவ் கிடைத்தது. உங்களில் பலர் அத்தை என்றும் பெரியம்மை என்றும் அழைத்த என் மனைவி, தோப்புக் கணக்கு எழுதி வைத்தது. என் கம்ப்யூட்டரில் செருகி லிப்ரே ஆபீஸில் திறந்தேன். கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. பூட்டியவர் இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் 29.11.2017, இரவு நேரம். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருள் எழுதும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். அவன் எனக்குப் பாடம் எடுத்தான். கோப்பைத் திறந்ததும் லிப்ரே ஆபீஸ் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுக் கோப்பை வைக்குமாம். யார் திறந்தார், எப்போது என்பது அதில் இருக்கும். முறையாக மூடினால் அதுவே பூட்டை அழித்துவிட்டுப் போகும். கரண்ட் சட்டென்று போனால் அதற்கு நேரம் கிடைக்காது. நினைவகத்தில் இருந்தது தானாகப் போய்விடும். பென்டிரைவில் எழுதியது அப்படியே கிடக்கும்.

அன்றைக்குத்தான் ஒக்கி வந்த இரவு. அவள் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாள், கரண்டில்தான் ஓடும். விடிந்தபின் அடித்த காற்றில் தென்னைகள் சாய்ந்தன. அப்புறம் அவள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

மாணவன் சொன்னபடி நகலாகத் திறந்தேன். கடைசி வரியில், தேங்காய் வெட்டினவருக்குப் பாக்கி ரூ.480. எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் நினைவில்லை. "அம்மா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும் சாரே" என்று வாங்கிக்கொண்டார்.

மாணவன் இன்னொன்றும் சொன்னான்: "மூடும்போது பாத்துக்கலாம்னு எதையும் விடக் கூடாது சார். நல்ல புரோகிராம், வேலை முடிஞ்ச உடனே எடுத்ததை விட்டுடும். அப்படியும் மிஞ்சிக் கிடந்தா, அடுத்த தடவை திறக்கும்போது தேடிப் பாத்துச் சரிபண்ணும்."

நாற்பது பிள்ளைகளை மணி அடித்தபின் வீட்டுக்கு அனுப்பி, கரும்பலகை அழித்து, ஜன்னல் சாத்திப் பழகியவன் நான். மணி அடிக்காமலும் பள்ளி முடியலாம் என்று இப்போதுதான் உறைக்கிறது. கொடுக்க வேண்டியது, வாங்க வேண்டியது, பத்திரம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மகனிடம் காட்டிவிட்டேன். நீங்களும் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அந்தப் பூட்டுக் கோப்பை மட்டும் நான் இன்னும் அழிக்கவில்லை.