தண்ணீர் வந்த வழியே

காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. தண்ணீர் என்பது தங்களைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வரவேண்டிய வஸ்து என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது எங்கே பிறக்கிறது, எந்த எந்த ஊரில் தங்கிவிட்டு வருகிறது என்பதைப் பற்றி அவர்களுக்கு விசாரம் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால், "வந்துவிட்டது" என்பார்கள். வராவிட்டால் மேட்டூரைத் திட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ஜீயபுரம் இந்தக் கர்வத்துக்குச் சகல தகுதியும் வாய்ந்த ஊர். திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவேரியின் தென்கரையில், வாழைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவில் அது இருக்கிறது. சமீபத்திலேயே முக்கொம்பு. காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற அந்த இடத்தில்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு மாதம் பெருவெள்ளம் வந்து கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பதை அடித்துக்கொண்டு போயிற்று. அன்றைக்குத்தான், "இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து அப்பா வருகிறது?" என்று என் மகன் கேட்டான். பூகோளம் கற்பிக்கும் உபாத்தியாயரான நான் சுவரில் தேசப்படத்தை மாட்டி, நீலக் கோடுகளைக் காட்டி விளக்கினேன். பையன் தலையை ஆட்டினானே ஒழிய, அவனுக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. கோட்டில் ஈரம் இல்லையல்லவா?

ஆகவே, ஒரு காலாண்டு விடுமுறையில், குடும்ப சமேதராய்த் தண்ணீர் வந்த வழியே எதிர்த்துப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். காவேரியின் பிறப்பிடமான குடகு தூரமாதலால், அதன் உபநதிகளில் ஒன்றான பவானியைப் பிடித்துக்கொண்டு நீலகிரிக்கு ஏறுவதென்றும், அங்கிருந்து முதுமலைக் காட்டுக்கு இறங்குவதென்றும் ஏற்பாடு.

வீடு நகர்ந்தது

அமெரிக்க தேசத்தில் சமையல் அறை, படுக்கை அறை எல்லாம் அமைந்த மோட்டார் வீடு ஒன்றில் குடும்பத்தோடு ஏறிக்கொண்டு, மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் வாரக்கணக்கில் சுற்றிப் பார்ப்பார்களாம். உலகத்தின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-ல் ஏற்பட்டதும் அந்த நாட்டில்தான். நமக்கும் இது அப்படி ஒன்றும் புதுமையல்ல. கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அரிசி, பருப்பு, வெண்கலப் பானை சகிதம் ஏறி, வழியில் தோப்புக் கண்ட இடத்தில் அவிழ்த்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நம் பாட்டன்மார்கள் ஸ்தல யாத்திரை போனவர்கள்தானே?

எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு பேர் உட்காரும் வாடகை வேன். கடைசி வரிசை ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அங்கே ஜமக்காளமும் மெத்தையும் விரித்தோம். நான், என் மனைவி, தம்பி, தம்பி மனைவி, குழந்தைகள் நால்வர், எழுபத்து நான்கு வயதான என் தாயார் ஆக ஒன்பது பேர். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி, ஒரு தார் பூவன் பழம், இரண்டு பித்தளைக் குடத்தில் தண்ணீர் ஆகியவை எங்களுக்கு முன்பே வண்டியில் இடம் பிடித்துக்கொண்டன.

குளித்தலை தாண்டிக் கரூர் வந்தோம். புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் பெரிய ஆலை ஒன்று இருக்கிறது. "உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு இங்கே இருந்தும் காகிதம் வரும்" என்று குழந்தைகளுக்குச் சொன்னேன். அந்த ஆலைக்கும் நாங்கள் போகும் காட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பின்னால் சொல்கிறேன். கொடுமுடியில் ஸ்வாமி தரிசனம் செய்துகொண்டு, ஈரோட்டைக் கடந்து, பவானி கூடுதுறையை அடைந்தோம். சங்கமேசுவரர் கோயில் படித்துறையில் இறங்கிய தாயார், இரண்டு ஆறுகளும் ஒன்றாகும் இடத்தில் மூன்று முறை முழுகி எழுந்து, "இனிமேல் எனக்கு எந்த மலையும் வேண்டாம், இதுவே போதும்" என்றார். வண்டியில் ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

அணையும் மலையும்

பவானியின் கரையோடு கோபி, சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகர் போய்ச் சேர்ந்தோம். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், அதாவது 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த அணை இது. சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணையும் கல்லையும் கொட்டி எழுப்பிய கரை! அப்போதுதான் விடுதலை பெற்ற ஓர் ஏழை தேசம், கையில் காசு இல்லாத காலத்தில் இதைச் செய்தது என்பதை நினைத்தால் நெஞ்சு விம்முகிறது. இதன் கீழ்பவானிக் கால்வாயால் பாசனம் பெறும் நிலம் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல்.

அணைக்கரையில் நின்று பார்த்தால் இரண்டு திசைகளிலிருந்து தண்ணீர் வந்து கலப்பதை உணரலாம். ஒன்று பவானி. நீலகிரியில் பிறந்து, மேற்கே கேரளத்துக்குள் புகுந்து, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டாற்போல் தமிழ் நாட்டுக்கே திரும்பிவிட்ட ஆறு. மற்றொன்று மோயாறு. அதன் வழியே மேலே போனால் முதுமலை. இரண்டு நீரும் இங்கே தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்தது போக மிஞ்சியது கூடுதுறையில் காவேரியோடு சேர்ந்து எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது.

மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கி, பொழுது விடிந்ததும் மலை ஏறினோம். 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே மின்னணு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். 2025-ம் வருஷக் கோடையில் ஒரு நாளைக்கு ஆறாயிரம் வண்டிகள், வார இறுதியில் எட்டாயிரம் வண்டிகள் என்று வரம்பே கட்டினார்கள். ஆறாயிரம் வண்டி என்பதே குறைத்த கணக்கு என்றால், குறைக்காத நாட்களில் மலை எப்படி மூச்சு விட்டதோ!

பாக்குத் தோப்புகள் கீழே நழுவிச் சென்றன. சாலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே அவ்வப்போது மலை ரயில் பாதை தலைகாட்டியது. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் போட்ட பாதை. பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிற ரயில், பதினாறு சுரங்கங்களில் புகுந்து புறப்படுகிறது. அதன் கூவலைக் கேட்ட குழந்தைகள் வேனை விட்டுவிடலாம் என்று மனுக் கொடுத்தார்கள். மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

பச்சையிலும் பேதம் உண்டு

உதகமண்டலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சல்லிவன் துரை 1820-களில் அமைத்த ஏரி, மாக்கைவர் 1848-ல் தொடங்கிய தாவரத் தோட்டம், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா எல்லாம் நேயர்கள் அறிந்தவையே. பைக்காராவுக்குப் போகும் சாலையில் என் மனைவி கேட்ட கேள்விதான் முக்கியமானது.

"எங்கே பார்த்தாலும் பச்சையாகத்தானே இருக்கிறது? காடு அழிந்துபோயிற்று என்கிறார்களே, அது எப்படி?"

பச்சையெல்லாம் காடு அல்ல என்பதுதான் அதற்குப் பதில். இந்த மலையின் சொந்தக் கோலம் வேறு. உச்சிகளில் புல்வெளி, இரண்டு புல்மேடுகள் சந்திக்கும் மடிப்பில் மட்டும் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. பருவ மழையும் மூடுபனியும் கொட்டுகிற நீரை அந்தப் புல்லும் சோலையும் பஞ்சைப் போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வாழ்ந்தது அந்தப் புல்வெளியில். அதைத் 'தரிசு' என்று எண்ணிய வெள்ளைக்காரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டு வந்து நட்டார்கள். அவர்கள் போன பிறகு நாமும் நட்டோம். இன்று பிரயாணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் 'அழகிய காடு'களில் பல, புல்வெளியின் மேல் எழுந்த தோப்புகளே. அவற்றை அகற்றிச் சோலையையும் புல்லையும் மீட்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் வெட்டிய இடத்திலேயே சீகை மறுபடியும் முளைக்கிறது.

பழைய கோலம் பெருமளவு பிழைத்திருக்கும் இடம் முக்குருத்தி தேசியப் பூங்கா. நமது ராஜ்யத்தின் விலங்கான வரையாடு வாழும் அந்தச் சிகரங்களின் பக்கத்தில்தான் பைக்காரா ஆறு பிறக்கிறது. தோடர்கள் அதைப் புனித நதியாகக் கொண்டாடுகிறார்கள். 1932-ல் அதன் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் அதனால் ஓடின. அந்தப் பைக்காராவே கீழே இறங்கி மோயாறு என்று பெயர் மாற்றிக்கொள்கிறது.

யானையின் வீட்டில்

நடுவட்டம், கூடலூர் வழியாக இறங்கித் தெப்பக்காட்டை அடைந்தபோது குளிர் போய் மூங்கில் வாசனை வந்தது. முதுமலை 1940-ல் தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயமாகி, பிறகு தேசியப் பூங்காவாகி, 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், மற்றொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. மூன்று ராஜ்யங்களின் எல்லைகளும் தேசப்படத்தில் இருக்கின்றன. யானைகள் தேசப்படம் வாசிப்பதில்லை.

யானை முகாமில் மாலைச் சாப்பாட்டு வேளை. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம், உப்புச் சேர்த்துப் பிசைந்த பெரிய கவளங்களைப் பாகன்மார் வாயில் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் மரம் இழுத்த முகாம் இது. இப்போது ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பும் கும்கிகளும், தாயை இழந்த குட்டிகளும் இருக்கும் இடம். 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற படத்தின் பொம்மனும் பெள்ளியும் குட்டி வளர்த்தது இங்கேதான். வயதான யானைகளுக்கு, அரசாங்க உத்தியோகஸ்தர்களைப் போலவே, வேலையிலிருந்து ஓய்வும் உண்டு என்று கேட்டு என் தம்பி, "உனக்கு இன்னும் எத்தனை வருஷம்?" என்று என்னைக் கேட்டான்.

மசினகுடிச் சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளிருந்தவர்கள் புள்ளிமான் கூட்டத்துக்கு முறுக்கு வீசினார்கள். எங்கள் வண்டியிலும் ஒரு சின்னக் கை பூவன் பழத்தோடு ஜன்னலுக்குப் போயிற்று. தாயார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்டா கண்ணா. நாம் அதன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரனுக்கு நாமா சோறு போடுவது?"

அந்தப் பக்கத்தில்தான் யானைகள் மலைக்கும் சமவெளிக்கும் காலங்காலமாகப் போய்வரும் வழி இருக்கிறது. அதை அடைத்துக்கொண்டு விடுதிகள் எழுந்தன. வழியை விடவேண்டும் என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஜனவரியில், ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காயங்களோடு அலைந்த அந்த யானை இறந்துபோயிற்று. அந்தக் கதையைப் பாகன் ஒருவர் சொல்லக் கேட்டுக் குழந்தைகள் வெகுநேரம் பேசவில்லை.

வழி நெடுக உண்ணிச்செடியும், மஞ்சள் பூச் சொரியும் அந்நியக் கொன்றையும் மண்டிக் கிடந்தன. பார்க்கக் கண்ணுக்கு அழகு; ஆனால் அவற்றின் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மான் இல்லை. மான் இல்லாவிட்டால் புலி இல்லை. அந்தக் கொன்றையை வெட்டி அகற்றும் வேலையில் சேர்ந்திருக்கிறது நான் முன்பு சொன்ன புகளூர் ஆலை. காட்டுக்குப் பகையான மரம், காகிதமாகிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது.

மோயாற்றின் கரையில் நின்றபோது தாயார் கேட்டார்: "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

"நம் ஊர்ப் பக்கந்தான், அம்மா. வழியில் அணையும் கால்வாயும் எடுத்துக்கொண்டது போக."

தாயார் ஆற்றையும், அதன் பின்னால் எழுந்து நின்ற மலையையும் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். என் மகன் பாட்டியைப் பார்த்துத் தானும் கூப்பினான். பூகோள பாடம் அன்றுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் கல்லட்டி மலைப்பாதையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டு வர, உதகைக்கு ஏறிச் சொந்த ஊர் திரும்பினோம். போக வர எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

போகிறவர்களுக்கு

நேயர்களும் குடும்பத்தோடு அவசியம் போகவேண்டும். அனுமதிச் சீட்டை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் குடமோ கூஜாவோ எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் புட்டிக்கு அந்த ஜில்லாவில் இடமில்லை. காட்டுச் சாலையில் இறங்காதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள், எந்தப் பிராணிக்கும் எதையும் கொடுக்காதீர்கள். இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை முதுமலைச் சாலையை அடைக்கிறார்கள்; அந்த ஒன்பது மணி நேரமாவது வனவாசிகளுக்கு நிம்மதி வேண்டும்.

மலைக் காட்சி என்பது கண்ணுக்கு விருந்து என்று எழுதுவது வழக்கம். நாம் அந்த மலையின் தண்ணீரைக் குடித்து, அதன் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்கிறவர்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவனுக்கு இல்லாத கடமை ஒன்று நமக்கு உண்டு. மேலே ஒரு சோலை கருகினால், கீழே எந்த வாய்க்காலில் எந்த வருஷம் அது தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியும் என்பது மட்டும் நிச்சயம்.