வருடத்துக்கு ஒரு சுற்று

ஊஞ்சலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. 2 மீட்டர் சங்கிலியில் தொங்கும் பலகையில் 70 கிலோ தாத்தா உட்கார்ந்து மெல்ல ஆடினாலும், 12 கிலோ பேத்தி ஆடினாலும், ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 2.8 நொடிதான் ஆகும். சங்கிலியின் நீளம் மட்டும்தான் அங்கே கணக்கு. எடை கணக்கிலேயே வராது. வீட்டு ஊஞ்சல்கள் தலைமுறை தாண்டியும் எந்தத் திருகும் இல்லாமல் ஓடுவது அதனால்தான். எண்ணெய் விட்டால் போதும்.

ஸ்பிரிங் ஆள் பார்க்கும். பிறந்த குழந்தையைத் தூளியில் போட்டால் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும். அதே குழந்தை ஒரு வயதை நெருங்கி 9 கிலோ ஆகும்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு இறங்கித் தரையைத் தொடப் பார்க்கும். ஆட்டத்தின் வேகமும் மாறிவிடும். தளர்ந்த நிலையிலிருந்து ஒரு ஸ்பிரிங் பாரத்தால் 6 செ.மீ. இறங்கி நின்றால் நொடிக்கு இரண்டு துள்ளல். கால் மீட்டர் இறங்கி நின்றால் நொடிக்கு ஒன்று. இதற்கு இயற்பியல் பட்டம் வேண்டாம், டேப் இருந்தால் போதும். நம் வீட்டுப் பெண்களுக்கு டேப்பும் தேவைப்படவில்லை. குழந்தை கனத்ததும் சேலை முடிச்சை அவிழ்த்து ஏற்றிக் கட்டுவார்கள். அதுவும் போதாது என்று தெரிந்தால் பக்கத்தில் இன்னொரு ஸ்பிரிங்கை மாட்டுவார்கள். முடிச்சை ஏற்றுவது ஒரு வேலை, ஸ்பிரிங்கைக் கூட்டுவது முற்றிலும் வேறு வேலை. இந்த வித்தியாசம் பிடிபடாத படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரம் கூடக் கூட அதே விகிதத்தில் ஸ்பிரிங் நீளும் என்று எழுதிவைத்தவர் ராபர்ட் ஹூக். 1676-இல் அதை நேராகச் சொல்லவில்லை. லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டு அச்சிட்டார், வேறு யாரும் தன் கண்டுபிடிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று. விடையை வெளியிட்டது 1678-இல். இரண்டு வருடம் அந்த மனிதர் எப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தாரோ.

குழந்தைக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள உறவு நம் ஊர்ச் சொத்து மட்டுமல்ல. ஒலிவியா பூல் என்ற பெண்மணி அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒஜிப்வே பழங்குடியினர் நடுவே வளர்ந்தவர். அங்கே தாய்மார்கள் குழந்தையைக் கட்டிய பலகைத் தொட்டிலை மரக்கிளையில் தொங்கவிட்டு, கிளையை இழுத்துவிட்டுத் துள்ளவைப்பார்கள். 1910-இல் தன் முதல் குழந்தைக்காக அவர் கிளைக்குப் பதிலாக ஸ்பிரிங்கை வைத்தார். அணைத்துப் பிடிக்கத் துணி, அதை விரித்துப் பிடிக்க ஒரு கோடரிக் காம்பு. பிற்காலத்தில் கனடாவில் 'ஜாலி ஜம்ப்பர்' என்ற பெயரில் அது தொழிலாகவே வளர்ந்தது. காப்புரிமை கிடைத்தது 1957-இல். கால் தரையில் பட்டும் படாமலும் நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்வதுதான் அந்தப் பொருளின் உயிர். தூளி முடிச்சை ஏற்றிக் கட்டிய கைக்கு இது புதிதாக இருந்திருக்காது.

கோவையில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவன் நான். மகள் வீட்டில் பேத்திக்கு 5 வயது, பேரனுக்கு 2. பூங்காவில் இருக்குமே, தரையில் நட்ட ஒற்றைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் குதிரை, அதே மாதிரி ஒன்றை வாசலுக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். குதிரை ஒன்று, வழக்கு இரண்டு. "அப்பிச்சி, இது என்னைக் குப்புறத் தள்ளப் பாக்குது" என்பாள் பெரியவள். சின்னவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உந்து உந்து என்று உந்துவான். அது சும்மா நிற்கும். அவனுக்கு அழுகை.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இந்த வகைக் குதிரையில் சுருள் கீழே, குழந்தையின் பாரம் மேலே. குதிரை ஒரு பக்கம் சாய்ந்ததும் பாரம் அந்தப் பக்கமே மேலும் சாய்க்கப் பார்க்கும். ஸ்பிரிங் அதை எதிர்த்து நிமிர்த்தப் பார்க்கும். நிமிர்த்தும் பலம் சாய்க்கும் பலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் ஆட்டம். மிக அதிகமாக இருந்தால் தூண். குறைந்தால் கவிழ்ச்சி. குழந்தை வளரும்போது எடை மட்டும் கூடுவதில்லை, உடம்பின் பாரமையமும் மேலே ஏறுகிறது. சாய்க்கும் பலம் இரண்டு வழியிலும் கூடுகிறது. 2 வயதுக்குச் சுமார் 12 கிலோ, 5 வயதுக்குச் சுமார் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து 'இது எல்லாருக்கும் பொது' என்று கடைக்காரர் விற்கிறார். இரண்டு பேருக்கும் பொருந்தாததுதான் அந்தப் பொது. வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்தினேன் என்று பெருமை பேசும் பெற்றோரைக் கண்டால் எனக்கு அந்தக் குதிரை ஞாபகம் வரும்.

சரி, சரிசெய்யக் கூடியதாக ஒன்றைச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். மாப்பிள்ளை யோசனை சொன்னார்: "பைக் ஷாக் அப்சர்பர் மாதிரி ஒரு நட்டு வெச்சு ஸ்பிரிங்கை இறுக்கிட்டாப் போச்சுங்க மாமா. பெரியவ ஏறும்போது டைட், சின்னவன் ஏறும்போது லூஸ்."

நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மெக்கானிக்கிடம் போய், பின்னால் ஆள் ஏற்றுகிறேன், ஸ்பிரிங்கை 'ஹார்டு' ஆக்கு என்பார்கள். அவரும் படிப்படியாக வெட்டிய அந்த வளையத்தை இரண்டு படி திருப்பிவிடுவார். ஸ்பிரிங் ஒரு துளிகூடக் கடினமாவதில்லை. கிலோவுக்கு ஒரு மி.மீ. இறங்கும் ஸ்பிரிங்கை முன்கூட்டியே 10 மி.மீ. அழுத்திக் கட்டிவைத்தால், முதல் 10 கிலோவுக்கு அது அசையாமல் இருக்கும். பதினோராவது கிலோ ஏறியதும் பழையபடி கிலோவுக்கு ஒரு மி.மீ.தான். மாறியது தொடங்கும் இடம். குணம் மாறவில்லை. பைக்கில் அது தேவைதான், ஆள் ஏறினாலும் சீட் உயரம் தாழாமல் இருக்கும். ஆடுவதற்கென்றே செய்த பொம்மையில் அதனால் என்ன பயன்? சின்னச் சின்ன உந்தலுக்கு அது மரக்கட்டையாக நிற்கும். பெரிய உந்தல் வரும்போது எப்போதும் போலச் சாயும்.

மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பேத்தி ஒன்றாம் வகுப்புக்கு முன்னாலேயே போய்வரும் இரண்டு டியூஷன்கள் என் மனதில் ஓடின. சொல்லவில்லை. மாமனார் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. முன்கூட்டியே அழுத்திக் கட்டிய பிள்ளை சின்ன விஷயங்களுக்கு அசையாமல் சமர்த்தாக இருக்கும். அதைப் பலம் என்று எடுத்துக்கொள்கிறோம். நிஜமான பாரம் வரும் நாளில் அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கும். கட்டிவைத்த இறுக்கம் அதில் ஒரு கிலோவைக்கூடக் கூட்டியிருக்காது.

ஒரு ஸ்பிரிங்கின் குணத்தை மாற்ற வழிகள் உண்டு. கம்பியைத் தடிமனாக்கலாம். அதில் பேராசை ஆகாது, தடிமனின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறும். 4 மி.மீ. கம்பி இருந்த இடத்தில் 5 மி.மீ. போட்டால், கண்ணுக்குக் கால் பங்குதான் கூடியிருக்கும், ஸ்பிரிங் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விறைத்துவிடும். பட்டறையில் கம்பிக் கட்டு மாறிப்போனால் ஒரு லாட்டே குப்பைக்குப் போவது இதனால்தான். தவிர, குழந்தை வளர வளரக் கம்பியை மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. மிச்சமிருப்பது சுற்று. வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய அதே விகிதத்தில் ஸ்பிரிங் விறைக்கும். இங்கேதான் நமக்கு இடம் கிடைக்கிறது.

நான் செய்தது இது. அடித்தட்டின் நடுவிலிருந்து தடித்த திரெட் ராடு ஒன்று சுருளுக்குள்ளே செங்குத்தாக நிற்கும். விளிம்பில் சுருளின் பிட்ச்சுக்கு ஏற்பப் பள்ளம் வெட்டிய வட்டத் தகடு ஒன்று, போல்ட்டில் நட் ஏறுவதுபோலச் சுருளுக்குள்ளே திருகி ஏறும். வேண்டிய சுற்றில் நிறுத்தி, மேலும் கீழும் நட் போட்டு ராடோடு பூட்டிவிட்டால், தகட்டுக்குக் கீழே உள்ள சுற்றுகள் வேலையிலிருந்து விலகிவிடும். மேலே உள்ளவை மட்டும் ஆடும். சுருள் தகட்டை விட்டுப் பிரியும் இடத்தில் விளிம்பை நன்றாக உருட்டி அராவ வேண்டும். கூர்முனை இருந்தால் கம்பியில் வடு விழும். வடு விழுந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும். சுருளை அடித்தட்டோடும் குதிரையோடும் பிடிப்பது கிளாம்ப்தான். ஸ்பிரிங் கம்பியில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூடு பட்ட இடத்தில் டெம்பர் போய்விடும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அவசரக்காரர்கள் ஒரு பொட்டு வைத்தால் என்ன என்பார்கள். ஒரு பொட்டு போதும்.

கணக்குப் போடும்போது குதிரையின் எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குதிரை 6 கிலோ என்றால் சின்னவனோடு சேர்த்து 18. பெரியவளோடு 24. சின்னவனுக்கு 12 சுற்று ஆடட்டும் என்று வைத்தால், அதே ஆட்டம் பெரியவளுக்குக் கிடைக்க 9 சுற்று. பாரமையம் ஏறுவதற்காக இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். ஆக, 2 வயதிலிருந்து 5 வயது வரை மூன்று வருடத்தில் மூன்று சுற்று. வருடத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கு இவ்வளவு வாகாக அமைந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மேலே போகப் போக ஒவ்வொரு சுற்றுக்கும் விளைவு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 12-லிருந்து 11-க்கு வந்தால் விறைப்பு 9 சதவீதம் ஏறும், 9-லிருந்து 8-க்கு வந்தால் 12 சதவீதத்துக்கும் மேல். பெரிய குழந்தைக்குத் திருகும்போது கை பதமாக இருக்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் தினமும் மாற்றித் திருகுவதா என்று மகள் கேட்டாள். அதுவும் நியாயம். சின்னவனுக்குத் தனியாக இன்னொன்று செய்தேன். மாற்றுவது எளிது என்பதற்காக நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டிருந்தால் குழந்தைக்குத் தன் குதிரையின் ஆட்டம் எப்போதும் பிடிபடாது. பிறந்தநாளன்று எடை பார்த்து, ஸ்பேனரை எடுத்து, ஒரு சுற்று. பூட்டு நட்டுகள் ஸ்பேனர் இல்லாமல் கழலாத நைலாக் நட்டுகள். குழந்தை தானே திருகிக்கொள்ள ஒரு கைப்பிடி வைக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். சுதந்திரம் நல்லதுதான். ஆனால் எந்த விறைப்பில் தான் கவிழமாட்டேன் என்று 3 வயதுக்குத் தெரியாது. அதைக் கவனித்துத் திருக வேண்டியவர்கள் பெரியவர்கள். திருகிவிட்டு அடுத்த பிறந்தநாளுக்கு மறந்துபோகாமல் இருக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒரு தடவை சரியாக வைத்துவிட்டோம், இனி அதுவாக ஓடும் என்று போய்விடும் தகப்பன்மார் நம்மில் அதிகம்.

விரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியதே தப்பு. சுருளின் இடைவெளியில் குழந்தை விரலை விடும், அதே நேரம் மற்றொன்று மேலே குதிக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 தரத்தின் முதல் பகுதி, அழுந்தும் சுருளின் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்கிறது. ஆகவே சுருளுக்கு மேல் தடித்த ரெக்சின் உறை, அடியிலும் மேலேயும் பட்டைபோட்டு இறுக்கியது. வீட்டுக்குச் செய்ததுதானே என்று இதில் சலுகை எடுக்கக் கூடாது. விரலுக்கு வீடு, கடை என்று தெரியாது.

கடைசியாக அந்தத் திரெட் ராடு. அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் மூடி ஒன்று வைத்திருக்கிறேன். குதிரை அளவுக்கு மீறிச் சாய்ந்தால் சீட்டின் அடித்தகடு ரப்பரில் மோதி நிற்கும். சுருள் ஒரேயடியாக அழுந்திப்போனாலும் பாரத்தை ராடு வாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் செட் ஆகிக் குட்டையாகிவிடாது. இதைச் சோதிக்க 18 கிலோ மணல் மூட்டை வைத்தால் போதும் என்று பட்டறைப் பையன் சொன்னான். 80 கிலோவுக்கு வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். குழந்தைகள் தூங்கிய பிறகு வாசலில் காலியாக இருக்கும் ஒரு குதிரையைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டிலும் பெரியவர்கள் சும்மா உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.