பக்கத்தைப் புரட்டுமுன் சற்றே காத்திருங்கள்

பட்டணங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் ஒரு கவலையைக் குறித்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். "பிள்ளைக்கு இரண்டு வயது கடந்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லையே!" என்பதே அது.

தாராவியில் என்னோடு வசிக்கும் பேரனுக்கும் அப்படியே இருந்தது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாலர் பள்ளியில் ஆங்கிலம். "இத்தனை மொழிகள் பிள்ளையைக் குழப்பும், தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று பள்ளியில் கூறினார்கள். என் மருமகள் கலங்கிப்போனாள். எனக்கோ தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. தமிழை நிறுத்தினால், அவன் என்னோடு எந்த மொழியில் பேசுவான்?

பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதப்படுவதில்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குத் தெளிவுபடுத்தினார். பெற்றோர் எந்த மொழியில் தாராளமாகப் பேசுகிறார்களோ, அதுவே பிள்ளைக்கு நல்ல அஸ்திபாரம். முதலாவது செவித்திறனைச் சோதிக்கச் செய்தார், அதில் குறையில்லை. பின்பு பயிற்சியோடுகூட, தினமும் பத்து நிமிடம் கதைப்புத்தகத்தோடு அமரும்படி சொன்னார்.

வாசித்துக்கொண்டே போவது போதாது. பிள்ளையைப் பேசவைக்க வேண்டும். காகத்தின் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். பிள்ளை "கா" என்றால், "ஆமாம், கறுப்புக் காகம்!" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லுங்கள். அடுத்து, "காகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். "சொல், சொல்" என்று நெருக்காதீர்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்படையாதீர்கள். கேட்டுப் பழகிய சொல்லே நாவில் எளிதாய் வரும். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் இம்முறையை ஆராய்ந்து, ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியதை 1988இல் வெளியிட்டார்கள்.

தமிழ் வாசிக்கத் தெரியாத தாய்மார்களே, சோர்ந்துபோகாதீர்கள். படத்தைப் பார்த்து உங்கள் சொந்த வார்த்தையில் கதை சொன்னாலே போதும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப்புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஆனால் கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோகாதீர்கள்; பதில் பேசும் முகமே அதற்குத் தேவை.

சில மாதங்களுக்குப்பின் என் பேரன் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "ஆச்சி, காக்கா போச்சு" என்றான். அவன் சேர்த்துச் சொன்ன முதல் சொற்கள் அவை.

ஒன்றை மறவாதிருங்கள். பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டாலோ, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, "வளர்ந்தால் பேசுவான்" என்று நாட்களைக் கடத்தாதீர்கள். மும்பை பாந்திராவிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், மைசூரில் 1965முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் பரிசோதனை செய்கிறார்கள். அங்கே செல்லுங்கள், இன்றிரவே ஒரு புத்தகத்தையும் திறவுங்கள்.