வீட்டோடு ஒரு யாத்திரை – 2: ஆரியங்காவுக்கு அப்பால்

கரூர்ப் பட்டறையில் பாடி கட்டி வந்த எங்கள் வீட்டு வண்டியின் மடக்குக் கட்டில்களையும், அடுப்படியையும், கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பற்றிச் சென்ற இதழில் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். இந்த இதழில் பிரயாணத்தைத் தொடங்கிவிடலாம்.

ராஜபாளையத்திலிருந்து நாங்கள் போகவேண்டிய திசை தெற்கு. ஆயினும் ஆனி மாதத்து அந்த விடியற்காலையில் வண்டி கிளம்பியது வடக்கு நோக்கி. இருபத்திரண்டு வருஷ காலம் எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்துவிட்டுப் பிறந்த ஊராகிய புனலூருக்கே திரும்பிவிட்ட என் சிநேகிதர், என்ன கொண்டு வரட்டும் என்று நான் தொலைபேசியில் கேட்டபோது, ஆண்டாள் சந்நிதிப் பிரசாதமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே சுமார் 12 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழல் விழும் வீதியில் வண்டியை நிறுத்தினோம்.

தரிசனம் நிம்மதியாக நடந்தது. இலைகளாலும் மாதுளம் பூவாலும் தினந்தோறும் புதிதாகச் செய்து ஆண்டாளின் இடக்கரத்தில் சாத்தும் கிளியை எத்தனை முறை கண்டாலும் எனக்குத் திருப்தி உண்டாவதில்லை. அன்று பட்டர் கையால் துளசியை வாங்கிக்கொண்டபோது, இவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசிப் பிரம்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும் வருஷந்தவறாமல் போய்க்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. திருமலை வேறு ராஜ்யமாகி எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. மாலை போவது நிற்கவில்லை.

பால்கோவாவைக் கடையில் வாங்காமல், அது கிண்டப்படும் இடத்திலேயே காத்திருந்து வாங்குவது என் வழக்கம். விறகடுப்பின் மேல் அகன்ற இரும்புச் சட்டி. அதில் பாலும் சர்க்கரையும் மாத்திரமே. வெற்றுடம்போடு நின்ற ஒருவர், நீண்ட துடுப்பை ஒரு கணமும் ஓய்க்காமல், அடி பிடிக்காதபடி சட்டியின் வயிற்றை வழித்துக்கொண்டே இருந்தார். வெண்மையாய்ப் பொங்கிய பால் மெல்ல மெல்லச் சுண்டிச் சந்தன நிறம் கொண்டு, துடுப்பு இழுத்த இடத்தில் சட்டியின் அடி தெரிந்து, தெரிந்த அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் சற்றே நின்றது, அதுதான் பதம். அவர் தணலை வெளியே இழுத்துவிட்டார். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பதார்த்தம் இது. அந்தக் கீர்த்தியெல்லாம் இப்படிப்பட்ட புஜங்களின் உழைப்பு என்பதை நேரில் பார்த்தவர் மறக்கமாட்டார். இரண்டு கிலோ கட்டித் தரச்சொல்லி, சூடு ஆறும் முன்பே வாங்கிக்கொண்டோம். அலமாரியில் வைத்தால் மலைப்பாதையில் உருளும் என்று என் மனைவி அந்தப் பொட்டலத்தைக் கடைசிவரை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

திரும்ப ராஜபாளையத்தைக் கடக்கையில் காந்தி கலை மன்றத்தைப் பார்த்தேன். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தாம் வாழ்ந்த இல்லத்தையே கலைகளுக்கென்று அர்ப்பணித்தார். வீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும் எனக்கு, வீட்டை ஊருக்கு விட்டுச் சென்ற அந்தப் பெரியவரின் ஞாபகம் அன்று விசேஷமாக வந்தது. சிவகிரி, வாசுதேவநல்லூர், எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் வேகமாகக் கழிந்தன.

தென்காசியை நெருங்கும்போது ஜன்னல் வழியே சாரல் முகத்தில் பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் ஊருக்குப் பின்னால் சுவர்போல நிற்பதால் தென்மேற்குப் பருவத்தின் மழையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, நாங்கள் ஐப்பசிவரை வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். ஆனால் ஆரியங்காவில் அந்தச் சுவர் சற்றுத் தாழ்ந்து வழி விடுவதால், புனலூரில் பெய்யும் மழையின் ஈரத்தைக் காற்று அந்தக் கணவாய் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் கொண்டுவந்து தூவுகிறது. காற்று வரும் அதே வாசல்தான் மனிதர்க்கும் வாசலாயிற்று.

என் பாட்டனார் மிளகாய் வற்றல் ஏற்றிக்கொண்டு கூண்டு வண்டியில் இந்த வழியே போனவர். அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்குத் தொங்கும், அதற்கு அருகே தண்ணீர்ச் செம்பு ஆடும், வண்டிக்கு உள்ளே பாயும் அரிசியும் உப்பும் புளியும் இருக்கும், மாடு அவிழ்த்த இடத்தில் மூன்று கல் கூட்டினால் அடுப்பு என்று அவர் விவரித்ததையெல்லாம் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் வண்டியில் இருப்பதெல்லாம் அவர் வண்டியிலும் இருந்திருக்கிறது என்பதை, அன்று செங்கோட்டைக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து உணர்ந்தேன். அவர் காலத்தில் எல்லை வேறிடத்தில் இருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். தென்காசியைத் தாண்டிய உடனேயே சவுக்கையில் வண்டியை நிறுத்திச் சரக்குக்குத் தீர்வை கட்டவேண்டும். 1956 நவம்பர் 1-ந் தேதி ராஜ்யங்கள் பாஷைவாரியாகப் பிரிந்தபோது செங்கோட்டை நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு மேற்கே நகர்ந்து மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கு முத்திரை தாங்கிய ஸமஸ்தானத்து வளைவைச் சின்ன வயதில் அங்கே அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புளியரை தாண்டியதும் ஏற்றம். எங்களுக்கு முன்னால், கேரளத்து மாடுகளுக்கென்று வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, பாரம் இரு பக்கமும் பிதுங்கப் பாதையை அடைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. வண்டியை ஓட்டிய என் மைத்துனர், “அத்தான், முந்த வேண்டாம், அது போற போக்குலயே போவோம்” என்றார். எதிரே பஸ் ஒன்று இறங்கி வந்தபோது லாரி ஓரங்கட்டி நிற்க, பின்னால் நெருங்கிவிட்ட எங்கள் ஜன்னலில் வைக்கோல் உரசி, நாலைந்து தாள்கள் உள்ளே சமையல் மேடைமேல் விழுந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து முகர்ந்தேன், களத்துமேட்டு வாசனை. கீழே, நாங்கள் விட்டு வந்த சமவெளி முழுவதும் வயலும் தென்னையுமாக, மேக நிழல்கள் ஊர்ந்துசெல்லப் பரந்து கிடந்தது. அந்த வளைவில் நிற்க இடம் இருந்தால் ஒருநாள் முழுவதும் இருந்திருப்பேன்.

கோட்டைவாசலில் எல்லை. சாவடியில் இருந்த காவலர் கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். அடுப்பையும் கட்டிலையும் என் மனைவியின் மடியிலிருந்த பொட்டலத்தையும் கண்டு புன்னகை செய்து, போகலாம் என்று கை காட்டினார். பத்து அடி தூரத்துக்குள் கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிட்டது, மழையும் வலுத்துவிட்டது. ஆரியங்காவில் சாஸ்தாவை வணங்கிக்கொண்டோம். புஷ்கலாதேவியை அவருக்குக் கொடுத்த சம்பந்திகள் என்ற உரிமையோடு மதுரை சௌராஷ்டிர மக்கள் வருஷந்தோறும் திருக்கல்யாணத்துக்கு இந்த மலையேறி வருகிறார்கள். கழுதுருட்டியருகே, 1904-ல் ஓடத் தொடங்கிய கொல்லம் ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம் மழையில் நனைந்து கருத்து நின்றது. மீட்டர் கேஜ் வண்டியில் அதன்மேல் போன நாட்கள் உண்டு. அகலப் பாதையாக்குவதற்கென்று மூடி, 2018-ல் மறுபடியும் முழுவதும் திறந்துவிட்ட பிற்பாடு இன்னும் போகவில்லை.

புனலூரில் சிநேகிதர் வீட்டை அடைந்தபோது மணி நாலு. எங்கள் வண்டிக்கு அவர் வீட்டு வாசல் போதாது. அவர் அதை முன்கூட்டியே யோசித்து, இரும்புக் கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். முற்றத்தின் குறுக்கே தாழ்ந்து கிடந்த பலாக்கிளை ஒன்றை வெட்ட மனமில்லாமல், கயிற்றால் மேலே இழுத்துக் கட்டியிருந்தார். அந்தக் கிளையில் காய் ஒன்று தொங்கிற்று. வண்டி அதன் கீழே விரற்கடை இடைவெளியில் நுழையும்வரை, மழையில் நனைந்துகொண்டே “வரட்டும், வரட்டும்” என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வீட்டையே கொண்டாந்துட்டீங்களே!” என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். மலையாளம் கலந்த அந்தத் தமிழை நேரில் கேட்டு ஆறு வருஷமாகிறது. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பால்கோவாவைத் தம் பேத்திக்கு ஊட்டும்போது, ஆலைச் சங்கு ஊதியபின் நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், சம்பளத்தில் எடுத்த சில்லறைக்கு அதை வாங்கித் தின்ற கதையை அந்தக் குழந்தைக்குச் சொன்னார்.

இரவுச் சாப்பாடு ஆனதும் எங்களுக்கென்று மாடியில் அறை ஒழித்து வைத்திருப்பதாக அவர் மனைவி சொன்னாள். பெண்கள் இருவரும் அங்கே போனார்கள். நான் வண்டியில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி இறங்கி வந்தேன். சற்று நேரத்தில் கதவு தட்டும் சப்தம் கேட்டது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி சிநேகிதர் நின்றார்.

“இது ராஜபாளையத்து வீடுதானே அண்ணாச்சி? இன்னைக்கு ராத்திரி நான் ராஜபாளையத்துல படுத்துக்கிறேன்” என்றார்.

கீழ்க்கட்டிலை விரித்துக் கொடுத்தேன். கூரைத் தகட்டின்மேல் மழை விடியுமட்டும் பெய்தது.

(தொடரும்)