சுவரொட்டி

ஆட்டு மண்ணீரலுக்கு எங்கள் பக்கத்துக் கறிக்கடைகளில் சுவரொட்டி என்று பெயர். சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்; நான் வீசிப் பார்த்ததில்லை. ஊர்ப்பெயரால் ஓர் ஆட்டினமே அறியப்படும் மேச்சேரியில்கூட அது எளிதில் கிடைத்துவிடாது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதானே இருக்கும்! கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்கவேண்டும். இரத்தம் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் முன்னுரிமை. 2014ஆம் ஆண்டு மூன்று மாத காலம் அந்த முன்னுரிமை எனக்கும் கிடைத்தது.

அந்த வருடம் மேட்டூர் சாலையில் என் வண்டி ஒரு சரக்கு வாகனத்தின் மீது மோதியது. இடப்பக்க விலா எலும்புகள் இரண்டு முறிந்தன, உள்ளே மண்ணீரல் கிழிந்தது. அன்றிரவே அதை அகற்றி என் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி இன்றும் குறையவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது, "அது இல்லாமலும் நன்றாக வாழலாம்" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள். அம்மா அதை நம்பவில்லை. வாரம் இருமுறை சுவரொட்டியை மிளகு போட்டு வதக்கிக் கொண்டுவந்து வைத்து, "போனதுக்கு இதப் போட்டா வந்துரும் கண்ணு, சாப்புடு" என்பாள். மருத்துவர் சொன்னதில் பாதி உண்மையும் அம்மா சொன்னதில் மீதிப் பாதியும் இருந்தன என்று எனக்குத் தெரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

2023இல் மைத்துனரும் நானும் பஸ்தர் போவதாகத் திட்டமிட்டோம். இந்திராவதி ஆறு சித்திரகோட்டில் விழுவதைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு முன் வேறு ஏதோ காரணத்துக்காகச் சேலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். அறிக்கையைப் படித்த பெண் மருத்துவர் நிமிர்ந்து, "உங்களுக்கு மண்ணீரல் இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைக்குள் இருந்த தழும்பை அவர் பார்த்திருக்க வழியில்லை. சிவப்பணுக்களுக்குள் சிறு புள்ளிகள் தெரிகின்றனவாம். அவை அணுக்கருவின் மிச்சங்கள். மண்ணீரல் இருந்தால் அவற்றைப் பொறுக்கி எடுத்திருக்கும். அடுத்த கேள்வி: "ஊசியெல்லாம் போட்டீங்களா?" எந்த ஊசி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

மண்ணீரல் ஒரு சல்லடை. நியூமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் உறை போர்த்திக்கொண்டு இரத்தத்தில் திரிபவை. அவற்றைப் பிடிப்பதில் அதற்கு இணையான உறுப்பு வேறில்லை. அது இல்லாதவருக்கு இக்கிருமிகளால் நோய் வருவது அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது மறுநாளுக்குள் உயிரைப் பறித்துவிடலாம். குழந்தைகளிடம் இந்த ஆபத்தைக் கிங், ஷூமேக்கர் என்ற இருவர் 1952இலேயே எழுதிவிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் மட்டுமல்ல, அரிவாளணுச் சோகை உள்ளவர்களுக்கும் மண்ணீரல் சிறு வயதிலேயே சுருங்கிச் செயலிழந்துபோகும். தற்செயல்தான், இந்தியாவில் அந்த இரத்தக் குறையை நீலகிரிப் பழங்குடிகளிடம் முதலில் கண்டு அறிவித்ததும் அதே 1952இல்தான்.

எனக்கு மூன்று வகைத் தடுப்பூசிகள் வேண்டியிருந்தன: நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி தனி. திட்டமிட்ட அறுவையென்றால் இரண்டு வாரம் முன்பும், என்னைப் போல் அவசர அறுவையென்றால் இரண்டு வாரம் கழித்தும் போடவேண்டியவை. நான் ஒன்பது வருடம் தாமதம். ஹஜ் செல்பவர்களுக்குச் சவூதி அரசு கட்டாயமாக்கியிருக்கும் மூளைக்காய்ச்சல் ஊசியும் இவற்றில் ஒன்று.

"பஸ்தரா?" என்றார் மருத்துவர். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டுவதும் மண்ணீரல்தான். பஸ்தர் இன்னும் மலேரியா உள்ள பகுதி, அதுவும் கொடிய வகை. போகாமலிருப்பது உத்தமம், போவதென்றால் மழைக்காலத்தை ஒட்டி வேண்டாம் என்றார். அக்டோபர் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளினோம். அருவி மெலிந்திருக்குமே என்று மைத்துனர் குறைபட்டுக்கொண்டார்.

ஒரு காலத்தில் ஊர் ஊராகக் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற கணக்கிலிருந்துதான் மலேரியாவை அளந்தார்கள். 1934இல் மேட்டூர் அணை முடிந்து காவிரி நீர் புதிதாகப் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பற்றிய ஆய்வு நடந்தபோதும் இதே முறைதான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேக்கிய நீர் எங்கோ கீழே குழந்தைகளின் இடப்பக்க விலாவுக்கடியில் கணக்காகியிருக்கிறது. கையால் தடவ என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பையில் கொசுவலை, பூச்சு மருந்து, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்கவேண்டிய மலேரியா தடுப்பு மாத்திரை, ஒரு பட்டை ஆன்டிபயாடிக். பணப்பையில் 'மண்ணீரல் அகற்றப்பட்டவர்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை. நாய் கடித்தால், காயத்தை நக்கினால்கூட, உடனே மருத்துவமனை போகவேண்டும் என்று தனி எச்சரிக்கை. நாய் வாயில் வாழும் ஒரு பாக்டீரியா மற்றவர்களைவிட எங்களைப் போன்றவர்களை எளிதில் வீழ்த்திவிடுமாம். கடைசியாக ஒன்று சொன்னார்: "காய்ச்சல் வந்தா யோசிக்காதீங்க. முதல் மாத்திரையப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டாச்சேன்னு படுத்துடாதீங்க."

அருவி மெலிந்துதான் இருந்தது. ஆனாலும் அழகு. திரும்பும் வழியில், விசாகப்பட்டினத்தில் சேலம் வண்டி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குளிரத் தொடங்கியது. வெப்பமானி 101 காட்டியது.

பயம் பெரிதாக இல்லை, வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வாழ்நாளெல்லாம் காய்ச்சலைச் சுக்குக் கஷாயத்தாலும் ஒரு பாராசிட்டமாலாலும் தாண்டி வந்தவன் நான். மாத்திரையை விழுங்கிவிட்டு, அடுத்த பெரிய நிலையத்தில் இறங்கிவிடலாம் என்றேன். "என்னங்க மாமா, காச்சலுக்கா எறங்கறது? காலைல ஊர் கிட்டப் போயிருவமே" என்றார் மைத்துனர். அவருக்கு மறுநாள் தறிப்பட்டறையில் பாவு ஏற்றும் வேலை. எதிர் இருக்கைப் பெரியவரும் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கையமர்த்தினார். கஷ்டப்பட்டுப் பிடித்த டிக்கெட், அறியாத ஊர், தெரியாத மொழி. ஏறக்குறைய படுத்துவிட்டேன். அந்தப் பெண் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்த விதம் நினைவுக்கு வந்திராவிட்டால் படுத்தே இருப்பேன்.

ராஜமுந்திரியில் இறங்கினோம். அட்டையைக் காட்டியதும் பணியிலிருந்த இளைஞர் வேறெதுவும் கேட்கவில்லை. இரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டார். மூன்று நாள் வைத்திருந்தார்கள். மலேரியா இல்லை, இரத்தத்தில் எந்தக் கிருமியும் வளரவில்லை. முன்பே மாத்திரை போட்டதால் வளராமல் போயிருக்கலாம், வெறும் சளிக்காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம் என்றார்கள். மைத்துனர் இரண்டாவதைத்தான் இன்றுவரை நம்புகிறார். அவர் இழந்த மூன்று நாள் கூலியை நான் கொடுக்கப்போய் அது ஒரு மனத்தாங்கலாயிற்று.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா எதுவும் கேட்கவில்லை. மாலை அடுப்படியிலிருந்து மிளகு வாசம் வந்தது.