மைக் இல்லாத வகுப்பு

1992இல் வாஷி வரை ரயில் ஓடத் தொடங்கியபின், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தாணே கழியைத் தாண்டி நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தன. பாட்டு வகுப்புகளும் கூடவே வந்தன. அவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் சான்பாடா போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடம். வயலின் மாமி ஒருவர் ஞாயிறு காலைகளில் நடத்துகிறார். வருகிறவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகத்தில் இசையைப் பாடமாக எடுத்துப் படிப்பவர்கள்.

கல்லூரியில் தனித்தனியாகக் கற்றதை இங்கே சேர்ந்து செய்து பார்க்கிறார்கள். பாட ஒருத்தி, வயலினுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், தம்புரா போட ஒருவர். சோபாவைச் சுவரோரம் தள்ளி, ஜமக்காளம் விரித்து, அரைவட்டமாக உட்காருகிறார்கள். மைக் கிடையாது. நம் இசைக்காரர்கள் ‘சேம்பர் கச்சேரி’ என்று சொல்லும் இந்தச் சிறு அமர்வு, கேட்பவர்களுக்குச் சுகம். மாணவர்களுக்கோ இதைவிடக் கண்டிப்பான பாடம் இல்லை.

அன்று கல்யாணி ராகம். ஆலாபனையில் வயலின் மாணவர் பாடகியைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே வந்தார். மாமி நிறுத்தினார். “அவ முடிக்கறதுக்குள்ள நீ முடிச்சுட்டே. அவ எங்க போறான்னு உனக்குத் தெரியும்னு காட்ட வேண்டாம்டா, பின்னாடியே போ.” குரலுக்கு நூலிழை பின்னால் வந்து, பாடகி மூச்சு விடும் இடத்தில் கடைசிப் பிடியைத் தாங்கி நிற்பதுதான் அங்கே வயலினின் வேலை. அதை நோட்டில் எழுதிக் கொடுக்க வழியில்லை. பாடகி அடுத்து எங்கே போவாள் என்பது அவளுக்கே அந்தக் கணத்தில்தானே தெரிகிறது!

கற்பனைஸ்வரத்தில் பாடகியின் முறை. ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி எடுப்பு. கணக்கு சரியாக வந்து விழுந்த சந்தோஷத்தில், வயலின் தந்த பதிலை அவள் கேட்கவே இல்லை. “நீ பாடறதை நீயே கேட்டுண்டிருந்தா அவன் வாசிச்சது எப்படிக் காதுல விழும்?” என்றார் மாமி. அடுத்த சுற்றை, வயலின் நிறுத்திய ஸ்வரத்திலிருந்தே அவள் தொடங்கினாள். அதைக் கேட்ட மிருதங்க மாணவர் சொற்களைக் குறைத்து அவர்கள் இருவருக்கும் இடம் விட்டார். அதுவரை மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் கச்சேரி பிறந்தது அப்போதுதான்.

பெரிய மேடையில் குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள அளவைச் சவுண்ட் என்ஜினியர் பார்த்துக்கொள்கிறார். 1963இல் திறக்கப்பட்ட மும்பை ஷண்முகானந்தா அரங்கில் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள். அங்கே மைக் இல்லாமல் முடியாது. ஆனால் மைக்கை நம்பியே வளரும் மாணவருக்குத் தன் கை எவ்வளவு பலமாக விழுகிறது என்பது தெரியாமலே போகலாம். கூடத்தில் அந்தப் பொறுப்பு வாசிப்பவருக்கே வந்துவிடுகிறது. பாடகி கீழ்ஸ்தாயிக்கு இறங்கினால் மிருதங்கத்தின் வலந்தலையை அடக்கி, இடப்பக்கத் தொப்பியில் கும்கியை மட்டும் மெல்லக் கொடுக்க வேண்டும். மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி ஐயர், மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் உறுதியாக நின்றவர். நாதத்தின் அளவை வேறொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அன்று இன்னொருவரும் வந்திருந்தார், மிருதங்கம் மூட்டுகிறவர். மும்பை மழைக்காலத்து ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். வார் பிடித்துக் கொடுக்க வந்தார். பலாமரக் கட்டை, வலந்தலையில் அடுக்காக மூன்று தோல், நடுவே கரணை. கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதுதான் கரணை. வேலை முடிந்ததும் அவர் கிளம்பவில்லை. பாட்டோடு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஓரிடத்தில் புள்ளை வைத்துக் கல்லால் தட்டிச் சரிசெய்தார். “தனியா தட்டிப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. பாட்டோட சேரும்போதுதான் குறை தெரியும்” என்றார். மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் காதும் இப்படித்தான் பழகியிருக்கும். அவரைப் போன்ற கைவினைஞர்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாகவே எழுதினார். இசைப் பட்டம் படிப்பவர் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

தமிழகத்தில் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலும், சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறை 1932இலும் தொடங்கின. அதனால் குருவின் வீட்டுக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் சங்கீதம் கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் குருகுலத்தில் பாடத்தோடு இன்னொன்றும் இருந்தது. சிஷ்யர் மேடையில் குருவின் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்து, வயலின்காரருக்குக் குரு எப்போது வழிவிடுகிறார், தனி ஆவர்த்தனத்துக்கு எந்த இடத்தில் கண்காட்டுகிறார் என்று ஆண்டுக்கணக்கில் பார்ப்பார். உருப்படிகளும் லட்சணமும் பாடத்திட்டத்துக்குள் வந்தன. பின்னால் உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பயிற்சிக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை.

மேற்கத்திய இசைக் கல்லூரிகள் சேர்ந்து வாசிக்கப் பழகும் பயிற்சிக்கு இடம் வைத்திருக்கின்றன. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும் குவார்ட்டெட்டுக்கு நடத்துநர் இல்லை. இசையமைப்பாளர் ஹைடன் அறுபதுக்கு மேல் எழுதிய அந்த வகை, இன்றும் அங்கே மாணவர்களுக்கு முக்கியப் பயிற்சி. நமக்கோ குரல், வயலின், மிருதங்கம் என்ற அமைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. கால அட்டவணையில் இடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நம் இசைத்துறைகள் வாரம் ஒருமுறையாவது மூன்று பிரிவு மாணவர்களையும் ஓர் அறையில் மைக் இல்லாமல் சேர்த்து உட்கார வைக்கட்டும். ஆண்டுத் தேர்வில் ஒரு பகுதியை அவர்கள் சேர்ந்தே செய்து காட்டட்டும். மூவருக்கும் ஒரே மதிப்பெண் போடட்டும். மிருதங்கம் மூட்டுகிறவரையும் அந்த அறைக்கு ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தையே அவருக்கும் கொடுக்கட்டும்.